பிக்ஸீஸ்: எழுந்த கதை, கலைந்த கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்ஸீஸ் யார்? ஏன் இன்றும் அவர்களைப் பற்றி இவ்வளவு பேச்சு?

1986-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கி 1993 ஜனவரியில் கலைந்த நால்வர் ராக் குழு. பாட்டும் ரிதம் கிதாரும் சார்லஸ் தாம்சன். மேடையில் இவர் பெயர் பிளாக் ஃபிரான்சிஸ். குழு கலைந்த பிறகு அதையே திருப்பிப்போட்டு ஃபிராங்க் பிளாக் ஆனார். லீட் கிதார் ஜோயி சாண்டியாகோ, பாஸ் கிதாரும் இரண்டாம் குரலும் கிம் டீல், டிரம்ஸ் டேவிட் லவரிங்.

முதல் வெளியீடு 1987 செப்டம்பர், கடைசி ஆல்பம் 1991 செப்டம்பர். இடையில் நான்கே ஆண்டு. அதற்குள் ஒரு சிறு ஆல்பமும் நான்கு முழு ஆல்பங்களும், ஏறக்குறைய 65 பாட்டு. (வாமோஸ் என்ற பாட்டு இரண்டு தடவை பதிவானது, அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.) கலைந்த நாளில் அமெரிக்காவில் அவர்களுடைய ஒரு ஆல்பம்கூட, ஐந்து லட்சம் பிரதி விற்றால் தரும் கோல்டு சான்றிதழை வாங்கியிருக்கவில்லை. அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் அப்போது லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஓயாததற்கு இந்த முரண்தான் காரணம்.

குழு எப்படிச் சேர்ந்தது?

தாம்சனும் பிலிப்பைன்ஸில் பிறந்த சாண்டியாகோவும் ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அறிமுகமானவர்கள். தாம்சன் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் புவர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குப் போய் ஆறு மாதம் போல இருந்தார். ஆரம்பகாலப் பாட்டுகளில் திடீரென்று ஸ்பானிஷ் வரிகள் வருவது அந்த வாசத்தின் மிச்சம். அங்கே இருக்கும்போதே ஒரு யோசனை: நியூசிலாந்துக்குப் போய் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பார்ப்பதா, ஊர் திரும்பி ராக் குழு தொடங்குவதா? இரண்டாவதைத் தேர்ந்து சாண்டியாகோவுக்குக் கடிதம் போட்டார். இருவரும் படிப்பை விட்டுவிட்டு பாஸ்டனுக்குக் குடிபோனார்கள்.

1986 தொடக்கத்தில் பாஸ் கிதார் வாசிப்பவர் தேவை என்று உள்ளூர் வாரப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். ஹஸ்கர் டூவும் பிடிக்க வேண்டும், பீட்டர், பால் அண்ட் மேரியும் பிடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒன்று காதைக் கிழிக்கும் பங்க் குழு, மற்றது கிதாரை மடியில் வைத்துப் பாடும் நாட்டுப்புற மூவர். வந்தவர் ஒரே ஒருவர், ஓஹாயோவின் டேட்டனிலிருந்து பாஸ்டனுக்கு வந்திருந்த கிம் டீல். அவரும் பாஸ் கிதார் இல்லாமல் வந்தார். அதுவரை அவர் வாசித்தது சாதாரண கிதார்தான். இருந்தும் பாட்டுகள் பிடித்திருந்ததால் சேர்ந்துவிட்டார்.

டிரம்ஸுக்கு முதலில் கிம் டீலின் இரட்டைச் சகோதரி கெல்லியை முயன்று பார்த்தார்கள், அமையவில்லை. கிம்மின் அப்போதைய கணவர் வழியாக வந்தவர் லவரிங். கிம்மின் திருமண வரவேற்பில்தான் கிம்மும் லவரிங்கும் சந்தித்திருந்தார்கள். லவரிங் மின்னணுப் பொறியியல் படித்தவர்.

முதல் இரண்டு வெளியீடுகளில் ‘மிஸஸ் ஜான் மர்ஃபி’ என்று ஒரு பெயர் வருகிறதே, அது யார்?

கிம் டீல்தான். திருமணமான பெண்ணைக் கணவர் பெயராலேயே அழைக்கும் பழக்கத்தைக் கிண்டல் செய்து அப்படிப் போட்டுக்கொண்டார். 1988-ல் மணமுறிவு ஆனதும் சொந்தப் பெயருக்குத் திரும்பிவிட்டார்.

‘பிக்ஸீஸ்’ என்றால் என்ன பொருள்?

குறும்பு செய்யும் குட்டிக் குறளிகள். சாண்டியாகோ அகராதியைப் புரட்டிக் கண்ணில் பட்டதை எடுத்தார். ஆழமான காரணம் எதுவும் கிடையாது.

‘பர்ப்பிள் டேப்’ என்கிறார்களே, அது ஆல்பமா?

இல்லை, நிறுவனங்களுக்கு அனுப்பிய மாதிரிப் பதிவு. பாஸ்டனில் த்ரோயிங் மியூசஸ் என்ற குழுவுக்கு முன்னால் இவர்கள் வாசித்ததைக் கேட்ட தயாரிப்பாளர் கேரி ஸ்மித், ராக்ஸ்பரி பகுதியில் இருந்த ஃபோர்ட் அப்பாச்சி ஸ்டுடியோவுக்கு அழைத்தார். 1987 மார்ச், மூன்று நாள், 17 பாட்டு. செலவு 1,000 டாலர், பணம் தாம்சனின் அப்பா தந்தது. கேசட்டின் உறை ஊதா நிறம், அதனால் அந்தப் பெயர்.

நாடா லண்டனில் உள்ள ஃபோர் ஏடி நிறுவனத்தின் தலைவர் ஐவோ வாட்ஸ் ரஸ்ஸலிடம் போனது. மிதக்கும், மங்கலான இசைக்குப் பெயர்போன நிறுவனம் அது. இவர்கள் ரொம்பவே ராக் அண்ட் ரோலாக இருக்கிறார்கள் என்று அவர் தயங்க, அவருடைய தோழிதான் வலியுறுத்தி எடுக்கவைத்தார். 17-ல் எட்டைப் பொறுக்கி எடுத்து, பெரிதாக எதையும் தொடாமல், 1987 செப்டம்பரில் கம் ஆன் பில்கிரிம் என்ற பெயரில் விட்டார்கள். மொத்தமே சுமார் 20 நிமிடம். ஹியர் கம்ஸ் யுவர் மேன் அந்த நாடாவிலேயே இருந்தது, தாம்சன் பதின்வயதில் எழுதிய பாட்டு. வானொலிக்கு எழுதியது போல இருக்கிறது என்று அப்போது ஒதுக்கப்பட்டது. பின்னால் குழுவை அமெரிக்க வானொலியில் ஏற்றிய பாட்டுகளில் அதுவும் ஒன்று. எட்டுபோக மிச்சம் இருந்த ஒன்பது பாட்டின் அந்த நாடாப் பதிவு 2002-ல்தான் வெளிவந்தது.

சர்ஃபர் ரோசா ஏன் அப்படி ஒலிக்கிறது?

காரணம், இந்த முதல் முழு ஆல்பத்தைப் பதிந்த ஸ்டீவ் ஆல்பினி. 1987 டிசம்பரில் பாஸ்டன் பகுதியின் கியூ டிவிஷன் ஸ்டுடியோவில் சுமார் பத்து நாளில் பதிவானது. ஆல்பினி வாங்கியது மொத்தக் கூலியாக 1,500 டாலர். விற்பனையில் பங்கு வேண்டாம் என்பது அவருடைய கொள்கை. இசை குழுவுடையது, தான் பிளம்பரைப் போல வேலைக்கு வந்தவன் என்ற நிலைப்பாடு. கடைசிவரை அதை மாற்றவில்லை. 2024 மே மாதம் இறந்தார்.

அந்த ஒலியின் ரகசியம் அறைதான். அன்றைய வழக்கம், டிரம்ஸை மைக்கை ஒட்டவைத்துப் பதிந்து, பிறகு கருவியில் எதிரொலி ஏற்றுவது. 1980-களின் பாட்டுகளில் ஸ்னேர் டிரம் தகரக் கொட்டகையில் குண்டு விழுந்தது போல வெடிப்பது அதனால். ஆல்பினி அறைக்குள் தூரத்திலும் மைக் வைத்து, அந்த அறை உண்மையில் தரும் எதிரொலியையே பதிந்தார். போன் மெஷின் பாட்டின் முதல் சில விநாடி டிரம்ஸ் மட்டும்தான். ஹெட்போனில் கேட்டால் அந்த அறையின் அளவையே ஊகிக்கலாம்.

குரலுக்கும் அதே விதி. ஸ்டுடியோ எதிரொலி பிடிக்காததால் கிம் டீலைக் குளியலறைக்குள் நிறுத்திப் பாடவைத்தார். ஜைஜான்டிக் பாட்டிலும், வேர் இஸ் மை மைண்ட் பாட்டில் பின்னால் மிதக்கும் அந்த ‘ஊ’விலும் கேட்பது அந்தக் கடினச் சுவர். சம்திங் அகெய்ன்ஸ்ட் யூ பாட்டில் தாம்சனின் குரலை கிதார் ஆம்ப் வழியாக விட்டிருக்கிறார், வார்த்தை புரியாது, கரகரப்புதான் வரும். பாட்டுகளுக்கு நடுவில் ஸ்டுடியோப் பேச்சையும் ஒட்டவைத்தார். இது மட்டும் எனக்குத் தேவையில்லாததாகவே படுகிறது. முதல் தடவை சிரிப்பு வரும், பத்தாவது தடவை தாண்டிவிடத் தோன்றும்.

1988 மார்ச்சில் வெளியானது. பிரிட்டனின் சுயேச்சை நிறுவனப் பட்டியலில் 60 வாரம் நின்றது. பொதுப் பட்டியல்களில், இரு நாட்டிலும், ஏறவே இல்லை. அமெரிக்காவில் கோல்டு ஆனது 2005-ல்.

மெதுவாகத் தொடங்கிச் சட்டென்று வெடிக்கும் அந்தப் பாணி இவர்கள் கண்டுபிடித்ததா?

மெல்லியதும் உரத்ததும் மாறிமாறி வருவது இசையில் என்றைக்கும் உண்டு. இவர்கள் செய்தது, நடுவில் இருந்த படிக்கட்டைப் பிடுங்கியது. வழக்கமான ராக் பாட்டில் சரணத்திலிருந்து பல்லவிக்கு ஏறும்போது டிரம்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், கிதார் தடிக்கும், காது தயாராகிவிடும். இங்கே ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் எல்லாம் மாறிவிடும்.

டேம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆதாரம் டி, சி, எஃப் என்று மூன்றே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்), அவை கடைசிவரை மாறுவதில்லை. சரணத்தில் பாஸும் டிரம்ஸும் மட்டும், மேலே தாம்சன் கிசுகிசுக்கிறார். பல்லவியில் அதே மூன்று கார்டு, அதே வேகம், தொண்டை கிழியும் அலறல். சாண்டியாகோ அதற்குமேல் ஒரு முரட்டுக் கார்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறார். மெட்டு ஒன்றுதான், கூடுவதும் குறைவதும் ஆள் எண்ணிக்கை.

எங்கள் குழு இதை முயன்றால் சப்பென்று இருக்கிறது. எங்கே பிழை?

பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று, பல சமயம் நான்கும்.

மெல்லிய பகுதியில் கிதாரை மெதுவாக வாசிக்கிறீர்கள். அதை நிறுத்தவே வேண்டும். பிக்ஸீஸ் சரணங்களில் பல இடங்களில் கிதாரே இல்லை. இருந்தால் ஒரே சுரம், விட்டுவிட்டு. சத்தத்தைக் குறைப்பதைவிட ஆளைக் குறையுங்கள்.

பாஸ் கிதாரை விரலால் வாசிக்கிறீர்கள். கிம் டீல் பிளெக்ட்ரத்தால், கீழ்நோக்கிய அடியாக, ஒரு தாளத்துக்கு இரண்டு என்று எட்டெட்டாகத் தட்டிக்கொண்டே போவார். அலங்காரம் எதுவும் இருக்காது. கிதார் ஒதுங்கியதும் பாட்டைச் சுமப்பது அந்தத் தட்டுதான். விரலால் வாசித்தால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் மொத்தையாகி, சரணம் தூங்கிவிடும்.

டிரம்ஸ் வாசிப்பவர் மெல்லிய பகுதியில் கையையும் தளர்த்திவிடுகிறார். கை தளர்ந்தால் வேகம் இறங்கும், பல்லவியில் மறுபடி ஏறும், பாட்டு கோணும். ஒத்திகையில் மெட்ரோனோம் போட்டு, சரணத்திலும் பல்லவியிலும் வேகம் ஒன்றே என்று கை பழகும்வரை இரண்டையும் மாற்றிமாற்றி வாசியுங்கள். லவரிங் சரணத்திலும் அதே விறைப்போடு வாசிப்பார்.

இரண்டு கிதாரிலும் ஒரே டிஸ்டார்ஷன். தாம்சன் வைத்திருந்தது டெலிகாஸ்டர், மெலிந்து வெட்டும் ஒலி. சாண்டியாகோவுடையது லெஸ் பால், தடித்த ஒலி. இரண்டும் தனித்தனியாகக் கேட்பதால்தான் பல்லவி அகலமாகத் தெரிகிறது. இரண்டையும் ஒரே பெடலில் போட்டால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும்.

சாண்டியாகோ போல வாசிக்க நினைப்பவர் வேகப் பயிற்சியை விட்டுவிடலாம். அவர் சோலோ என்று வாசிப்பதில் பாதி, ஒரு சுரத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டு அது அழும்வரை விடாமல் இருப்பது.

வேர் இஸ் மை மைண்ட் வாசிக்கிறோம், ஏதோ இடறுகிறது?

கார்டுகள் நான்கு: ஈ மேஜர், சி ஷார்ப் மைனர், ஜி ஷார்ப் மேஜர், ஏ மேஜர். மூன்றாவதைப் பலர் மைனராக வாசிக்கிறார்கள், ஏனென்றால் ஈ மேஜர் சுருதியில் அங்கே இயல்பாக வருவது மைனர்தான். மேஜராக்கும்போது சி என்ற அந்நிய சுரம் உள்ளே நுழைகிறது. தரை லேசாகச் சாய்வது போன்ற உணர்வு அந்த ஒரு சுரத்தால் வருவது. மைனராக வாசித்துப் பாருங்கள், பாட்டு சாதுவாகிவிடும்.

1999-ல் ஃபைட் கிளப் படத்தின் முடிவில் இந்தப் பாட்டு ஒலித்தது. குழு கலைந்து ஆறு ஆண்டு கழித்து, கேள்விப்பட்டே இராதவர்களுக்கு அது அறிமுகமானது அப்படித்தான்.

டூலிட்டில் ஏன் அவ்வளவு தெளிவாக ஒலிக்கிறது?

இரண்டாவது முழு ஆல்பமான இதற்குப் பணமும் தயாரிப்பாளரும் மாறியதால். இங்கிலாந்துக்காரரான கில் நார்ட்டன் வந்தார். செலவு 40,000 டாலர். பர்ப்பிள் டேப்பின் 40 மடங்கு. 1988 அக்டோபர் 31 முதல் பாஸ்டனின் டவுன்டவுன் ரெக்கார்டர்ஸில் மூன்று வாரம் பதிவு, பிறகு கனெக்டிகட்டில் மிக்சிங். மங்கி கான் டு ஹெவன் பாட்டில் இரண்டு வயலின், இரண்டு செல்லோ. வெளியாட்களை வாசிக்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நார்ட்டன் பாட்டுகளை நீட்டச் சொல்லிக்கொண்டே இருந்தார், இன்னொரு சரணம், இன்னொரு பல்லவி என்று. தாம்சன் அவரை இசைத்தட்டுக் கடைக்குக் கூட்டிப்போய், பட்டி ஹாலியின் தேர்ந்தெடுத்த பாட்டுத் தொகுப்பு ஒன்றைக் கையில் கொடுத்தார். அதில் பாட்டுகள் இரண்டு நிமிடத்தைச் சுற்றியே இருக்கும். வாக்குவாதம் முடிந்தது. 15 பாட்டு, 38 நிமிடம்.

அட்டையில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் உள்ள குரங்கு. முதலில் யோசித்த தலைப்பு வேறு, கொஞ்சம் ஆபாசமானது. அந்தப் படத்தோடு அந்தச் சொல்லும் சேர்ந்தால் கத்தோலிக்கரைச் சீண்டுவதாக எடுத்துக்கொள்வார்கள் என்று தாம்சனே மாற்றிவிட்டார். படம் சைமன் லார்பலஸ்டியர், வடிவமைப்பு வான் ஆலிவர். கலையும்வரை வந்த இவர்களுடைய எல்லா ஆல்ப அட்டைகளிலும் இந்த இருவரின் கை உண்டு.

பிரிட்டனில் பெரிய ஆள், சொந்த நாட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏன்?

எண்களைப் பாருங்கள். டூலிட்டில் (1989) பிரிட்டனில் 8-ஆம் இடம், அமெரிக்காவில் 98. போசனோவா (1990) பிரிட்டனில் 3, அமெரிக்காவில் 70. ட்ராம்ப் லு மோன்ட் (1991) பிரிட்டனில் 7, அமெரிக்காவில் 92. 1990-ல் இங்கிலாந்தின் ரீடிங் விழாவில் அன்றைய நாளின் கடைசி, முதன்மைக் குழு இவர்கள்.

முக்கியக் காரணம் விநியோகம். பாஸ்டன் குழுவாக இருந்தும் ஒப்பந்தம் லண்டன் நிறுவனத்தோடு. டூலிட்டில் சமயத்தில்தான் எலக்ட்ரா என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் கைகோத்தது. அதற்குமுன் வந்த இரண்டும் சொந்த நாட்டுக் கடைகளுக்குச் சரியாகப் போய்ச்சேரவில்லை. பிரிட்டனில் வாரம் தவறாமல் வரும் இசைப் பத்திரிகைகளும் நாடு முழுக்கக் கேட்கும் ஒரே பாப் வானொலியும் இருந்தன. ஒரு குழு ஒரே மாதத்தில் பேச்சாகிவிடலாம். அமெரிக்காவில் கல்லூரி வானொலி ஊருக்கு ஒன்று. ஒவ்வொரு ஊராகப் போய் வாசித்தால்தான் பெயர் பரவும்.

வெலூரியா பாட்டின் வீடியோ ஏன் அவ்வளவு அலுப்பாக இருக்கிறது?

வேண்டா வெறுப்பாக எடுத்தது. பிபிசியின் டாப் ஆஃப் தி பாப்ஸ் நிகழ்ச்சியில் வர வீடியோ இருந்தாக வேண்டும் என்றார்கள். நால்வரும் ஒரு கல்குவாரியில் ஓடிவருவதை 23 விநாடி படம்பிடித்து, பாட்டு முடியும்வரை இழுத்து மெதுவாக ஓடவிட்டார்கள். அப்படியும் நிகழ்ச்சிக்கு அழைப்பு வரவில்லை. ஹியர் கம்ஸ் யுவர் மேன் வீடியோவில் உதடசைக்க மறுத்து வாயை அகலத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதும் இதே பிடிவாதம்.

பிரிவுக்கு கிம் டீல்தான் காரணமா?

இப்படிக் கேட்பவர்களுக்கு ஒரு வேலை: ஆல்பங்களின் உறைகளை எடுத்து, எழுதியவர் பெயரை மட்டும் பாருங்கள். சர்ஃபர் ரோசாவில் ஜைஜான்டிக் பாட்டில் கிம் டீலின் பெயர் தாம்சனோடு இருக்கிறது, முன்னணிக் குரலும் அவருடையதுதான். அதைத் தனி வெளியீடாகவும் விட்டார்கள், ரசிகர்கள் மேடையில் அதைக் கேட்டுக் கத்தினார்கள். டூலிட்டிலில் அவர் பெயர் சில்வர் என்ற ஒரே பாட்டில், அதுவும் கூட்டாக. அவர் முன்னின்று பாடிய இன்டு தி ஒயிட் ஆல்பத்திலேயே இடம்பெறவில்லை, தனி வெளியீட்டின் பின்பக்கத்துக்குப் போனது. போசனோவாவிலும் ட்ராம்ப் லு மோன்டிலும் அவர் எழுதியது ஒன்றுகூட இல்லை.

கைவசம் பாட்டு இல்லாமல் போய்விடவில்லை. த்ரோயிங் மியூசஸின் டான்யா டானலியோடு சேர்ந்து தி பிரீடர்ஸ் என்ற குழுவை அமைத்து, அதே 1990-ல் ஆல்பினியையே வைத்து பாட் என்ற ஆல்பத்தை ஸ்காட்லாந்தில் பதிந்தார். நிறையப் பாட்டு வைத்திருப்பவருக்குத் தன் குழுவில் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதுதான் நிலைமை.

தாம்சன் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. குழுவை யோசித்தவர் அவர், பாட்டு எழுதியவர் அவர், முதல் பதிவுக்குப் பணம் போனது அவர் வீட்டிலிருந்து. பெரும்பாலும் ஒரே ஆள் எழுதியதால்தான் 65 பாட்டும் ஒரே குணத்தோடு, ஒரே வேகத்தில் வந்தன. ஆனால் அவரை மட்டும் வைத்துப் பார்த்தால் இது பிக்ஸீஸே அல்ல. அவர் கத்தும் இடத்தில் பக்கத்தில் நிதானமாக, கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்குரல் இல்லாவிட்டால் பாதிப் பாட்டுகள் வெறும் கத்தலாகிவிடும். ஒலிக்கு அந்த இரண்டாம் ஆள் வேண்டும், எழுத்தில் வேண்டாம். இந்தக் கணக்கு நான்கு ஆல்பம்வரை தாங்கியதே அதிகம்.

1989-ல் மூச்சுவிடாமல் சுற்றிய பயணத்தில் இது வெளியே வந்தது. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நிகழ்ச்சியில் தாம்சன் கிம் டீலை நோக்கிக் கிதாரை வீசினார். ஃபிராங்க்ஃபர்ட்டில் கிம் வாசிக்க மறுக்க, அவரை நீக்கிவிடலாம் என்ற அளவுக்குப் போய் நின்றது. பயணம் முடிந்ததும் கொஞ்ச காலம் எல்லோரும் விலகியிருந்தார்கள். பிறகு கிம் தவிர மற்ற மூவரும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோனார்கள். அடுத்த ஆல்பம் அங்கேதான்.

போசனோவாவும் ட்ராம்ப் லு மோன்டும் பலவீனமான ஆல்பங்களா?

போசனோவா அவசரத்தில் பிறந்தது. முன்பெல்லாம் மேடையில் வாசித்துப் பழகிய பாட்டைத்தான் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோவார்கள். இதில் பல வரிகள் ஸ்டுடியோவிலேயே கடைசி நேரத்தில் எழுதப்பட்டவை. சர்ஃப் இசையும் விண்வெளியும் கலந்த ஆல்பம். முதல் பாட்டே வேறொருவருடையது, வரிகளே இல்லாத சர்ஃப் மெட்டு. வெலூரியாவில் தெரமின் என்ற கருவி ஊளையிடும், தொடாமல் கையைக் காற்றில் அசைத்து வாசிப்பது.

ட்ராம்ப் லு மோன்டை நான் எப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடினமான, வேகமான ஆல்பம். பிளானட் ஆஃப் சவுண்ட் இவர்கள் பதிந்ததிலேயே முரட்டுத்தனமானவற்றில் ஒன்று. ஆனால் கிம் டீலின் குரலைத் தேடிக் கேளுங்கள், எவ்வளவு குறைந்துவிட்டது என்று தெரியும். அந்த இடத்தில் எரிக் ட்ரூ ஃபெல்ட்மனின் கீபோர்டு இருக்கிறது. அவரே அடுத்து தாம்சனின் தனி ஆல்பத்திலும் வாசித்தார். குழு கலையும் முன்பே ஒலி கலைந்துவிட்டிருந்தது.

யூ டூ குழுவோடு போன பயணம்தான் கடைசி அடியா?

கடைசிப் பயணம் என்பது சரி. 1992 பிப்ரவரி இறுதியில் ஃப்ளோரிடாவில் தொடங்கிய யூ டூவின் ஜூ டிவி பயணத்தின் முதல் சுற்றில் பிக்ஸீஸ் தொடக்கக் குழு, அதாவது யூ டூ மேடையேறும் முன் வாசிப்பவர்கள். தொடக்கக் குழுவின் பாடு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் இருக்கை உள்ள உள்ளரங்கம், வேறொருவரைப் பார்க்கச் சீட்டு வாங்கியவர்கள் இன்னும் உள்ளே வந்துகொண்டிருப்பார்கள், வாசிக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம். ஐரோப்பாவில் விழாக்களையே முடித்துவைத்த குழு சொந்த நாட்டில் அப்படி நின்றது. ஏப்ரல் இறுதியில் கனடாவின் வான்கூவரோடு மேடை முடிந்தது. மறுபடி நால்வரும் ஒன்றாக வாசிக்க 12 ஆண்டு ஆனது.

தாம்சன் ஃபாக்ஸ் (தொலைநகல்) அனுப்பித்தான் குழுவைக் கலைத்தாராமே?

ஆம், ஆனால் வரிசை முக்கியம். 1993 ஜனவரியில் பிபிசி ரேடியோ 5 நேர்காணலில், பிக்ஸீஸ் முடிந்துவிட்டது என்று தாம்சன் சொல்லிவிட்டார். அப்போது மற்ற மூவருக்கும் தெரியாது. பிறகு சாண்டியாகோவுக்குத் தொலைபேசியில் சொன்னார், கிம் டீலுக்கும் லவரிங்குக்கும் ஃபாக்ஸ் போனது. ஏழு ஆண்டு கூட வாசித்தவர்களுக்கு ஒரு தாள். இரண்டு மாதத்தில் அவருடைய முதல் தனி ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது.

நிர்வாணா இவர்களைக் காப்பியடித்ததா?

அந்தச் சொல்லையே நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன் தன்னைப் பற்றிப் பயன்படுத்தியிருக்கிறார். ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட் எழுதியபோது பிக்ஸீஸைக் காப்பியடிக்கத்தான் முயன்றேன் என்று 1994 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன் இதழில் வந்த நேர்காணலில் ஒப்புக்கொண்டார். சரணத்தில் பாஸும் டிரம்ஸும், பல்லவியில் எல்லாம் ஒன்றாக: அமைப்பு அப்படியே டூலிட்டிலின் கவுஜ் அவே. 1993-ல் இன் யூட்டரோ ஆல்பத்துக்கு ஆல்பினியைக் கூப்பிட்டதற்கும் சர்ஃபர் ரோசாவின் ஒலிதான் காரணம்.

தேதிகளை வைத்துப் பாருங்கள். நிர்வாணாவின் நெவர்மைண்டும் பிக்ஸீஸின் ட்ராம்ப் லு மோன்டும் வந்தது ஒரே மாதம், 1991 செப்டம்பர். ஒன்று அமெரிக்காவில் முதல் இடம், மற்றது 92.

பிரிந்த பிறகு யார் என்ன செய்தார்கள்?

கிம் டீலுக்குத்தான் முதலில் கைகூடியது. கெல்லியும் சேர்ந்துவிட்ட பிரீடர்ஸின் லாஸ்ட் ஸ்பிளாஷ் 1993 ஆகஸ்டில் வந்து, கேனன்பால் பாட்டின் தயவில் அமெரிக்காவில் பிளாட்டினம் ஆனது. பிக்ஸீஸின் எந்த ஆல்பமும் அதுவரை தொடாத உயரம். தாம்சன் ஃபிராங்க் பிளாக் என்ற பெயரில் தொடர்ந்து ஆல்பங்கள் போட்டார். சாண்டியாகோ தி மார்டினீஸ் என்ற குழு நடத்தினார். லவரிங் மேடை மந்திரவாதி ஆனார். இயற்பியல் சோதனைகளை வித்தையாகக் காட்டுவது அவர் பாணி.

மறுபடி சேர்ந்தார்களே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

2004 ஏப்ரல் 13, மினியாபொலிஸில் ஒரு சிறிய அரங்கில் நால்வரும் மேடையேறினார்கள். சீட்டுகள் பறந்தன, கலைந்திருந்த காலத்தில் ரசிகர் கூட்டம் பெருகியிருந்தது. அந்த ஆண்டு வந்த புதிய பாட்டு ஒன்றே ஒன்று, பாம் த்வாக். எழுதியவர் கிம் டீல். ஒன்பது ஆண்டு பழைய பாட்டுகளையே வாசித்தார்கள். புதிய ஆல்பத்துக்காக வேல்ஸில் பதிவு நடந்துகொண்டிருந்தபோது அவர் விலகினார், 2013 ஜூனில் அறிவித்தார்கள். பிறகு பாஸ் கிதாரில் கிம் ஷாட்டக் சில மாதம், பாஸ் (Paz) லென்சான்டின் என்பவர் பத்தாண்டு, 2024 முதல் எம்மா ரிச்சர்ட்சன். 2014-லிருந்து ஆல்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மோசமில்லை. ஆனால் கிம் டீல் இருந்த குழுவின் கதை 2013-ல் முடிந்தது என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது? இசைத்தட்டு வாங்கும்போது என்ன பார்ப்பது?

முதலில் டூலிட்டில், பிறகு சர்ஃபர் ரோசா. வெளியான வரிசையில் கேட்டால் முதலிலேயே கரடுமுரடில் சிக்கிப் பலர் திரும்பிவிடுகிறார்கள். தொகுப்புகளை விட்டுவிடுங்கள், இரண்டு நிமிடப் பாட்டுகள் அவற்றுக்குரிய வரிசையிலிருந்து பிடுங்கப்பட்டால் துண்டுதுண்டாகக் கேட்கும். சர்ஃபர் ரோசாவின் பழைய சிடியில் கம் ஆன் பில்கிரிமும் சேர்ந்தே இருக்கும், தனியாக வாங்கத் தேவையில்லை. அப்படிச் சேர்ந்த சிடியில் வாமோஸ் இரண்டு தடவை வரும். பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அவை வேறுவேறு பதிவுகள்.

பழைய பிரிட்டிஷ் தட்டா என்று பார்க்க முதுகுப்புற எண் உதவும். கம் ஆன் பில்கிரிம் எம்ஏடி 709, சர்ஃபர் ரோசா சிஏடி 803, டூலிட்டில் சிஏடி 905, போசனோவா சிஏடி 0010, ட்ராம்ப் லு மோன்ட் சிஏடி 1014. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம்: 7 என்றால் 1987, 0 என்றால் 1990. மறுபதிப்பிலும் சில சமயம் அதே எண் இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி அசல் விலை கொடுத்துவிடாதீர்கள். பின்னட்டையில் பார்கோடின் கீழோ அடியிலோ சிறிய எழுத்தில் மறுவெளியீட்டு ஆண்டோ இணைய முகவரியோ அச்சாகியிருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அது அந்தக் காலத்து அசல் தட்டு கிடையாது.